வாசம் அவளுக்குத் திரும்பியது

நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எங்கள் ஷிஃப்டில் ஒருவருக்கு வந்தது. பிறகு ஏழெட்டுப் பேருக்கு. எனக்கு மூன்று நாள் காய்ச்சல். மனைவிக்கு ஐந்து நாள். கூலாயில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பிள்ளைகள் வெளியூரில். கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எங்கள் கேட்டில் சாப்பாட்டைப் பையோடு மாட்டிவிட்டுப் போவார்.

வாசம் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் போனது. அவள்தான் முதலில் கண்டாள். நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, இந்தத் தைலம் செத்துப் போச்சா?"

வாங்கி முகர்ந்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது.

"செத்துதான் போச்சு."

புதுப் பாட்டிலைத் திறந்தாள். அதுவும் செத்திருந்தது. பிறகுதான் புரிந்தது. சிரித்தோம். இரண்டு பேருக்கும் இல்லாதபோது சிரிக்க முடிகிறது.

பதினோராம் நாள் அவளுக்குத் திரும்பிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் சம்பாலுக்கு மிளகாயும் பிளாச்சான் என்ற இறால் விழுதும் வதக்கினார்கள். அவள் தும்மினாள். கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டாள்.

"பிளாச்சான் போடுறாங்க! எனக்குத் தெரியுது! பிளாச்சான்!"

ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போய் வேலியோரம் நிறுத்தினாள்.

"மோந்து பாருங்க. நல்லா இழுத்து மோந்து பாருங்க."

இழுத்தேன். கண் எரிந்தது. மூக்கில் நீர் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். சம்பள நாள் மாதிரி இருந்தது.

சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். எனக்கு ஏன் வரவில்லை என்று கூட அப்போது தோன்றவில்லை. இவளுக்கு ஏன் வந்தது என்றுதான் தோன்றியது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. சாஆ பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். ஆறாம் வகுப்போடு சரி. எழுதுவதும் இதுதான் முதல் தடவை. இதைச் சொல்லவேண்டிய இடத்தில் சரியான நேரத்தில் சொல்லாமல் விட்டேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் அன்னதானம் உண்டு. இருபது வருஷமாகப் பெரிய அடுப்பு என் கையில் இருந்தது. தொழிற்சாலையில் நான் ஒரு எண். கோயிலில் எனக்கு ஓர் இடம் உண்டு. அந்த அடுப்புக்கு முன்னால் மூன்றடி. அங்கே நின்றால் தலைவர்கூட என்னைக் கேட்டுத்தான் உள்ளே வருவார்.

கோயில் சமையலில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அம்மனுக்குப் படைக்கும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. உப்புப் பார்க்கக் கூடாது. கரண்டியை மூக்குக்குப் பக்கம் கொண்டுபோவதும் தப்பு என்பார் எங்கள் பூசாரி. தானாக வருகிற வாசம் வரலாம், அதற்குக் குற்றமில்லை. ஆகவே கோயிலில் சமைக்கிறவனுக்கு இருப்பது அந்த ஒன்றுதான். உப்புக் குறைந்த சாம்பாருக்கு ஒரு பச்சை வாசம் உண்டு. பருப்பு அடியில் ஒட்டப்போகிறது என்றால் அதற்கு முன்பே ஒரு வாசம் வரும். புளி போதாவிட்டாலும் தெரியும். இருபது வருஷத்தில் ஒரு நாளும் நான் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. ஒரு நாளும் தவறியதும் இல்லை.

நோய்க்காக அரசாங்கம் போட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டில் கோயில் மூடிக் கிடந்தது. அதனால் யாருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. கோயில் திறப்பதற்குள் வந்துவிடும் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்தது. தப்பாக வந்தது. காலையில் காப்பி கலக்கினால் கருகிய ரப்பர் நாறியது. வெங்காயம் வதங்கினால் செம்பனை ஆலைக்குப் பின்னால் கழிவுத் தண்ணீர் தேங்கி நிற்குமே, அந்தக் குட்டை. சின்ன வயதில் அதன் ஓரமாகத்தான் பள்ளிக்கூடம் போவோம். அந்த நாற்றம் என் வீட்டுச் சட்டியிலிருந்து வந்தது. வாந்தி எடுத்தேன். நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும். உறைப்பு எரியும். அதற்கு மேல் இல்லை. கோழிக்கறியும் உருளைக்கிழங்கும் வாய்க்கு ஒன்றுதான். மெல்லும்போது மட்டும் வேறு.

அவள் வீட்டில் வெங்காயம் வதக்குவதை நிறுத்தினாள். தாளிப்பதையும் நிறுத்தினாள். கஞ்சி, அவித்த காய், தயிர். அவளும் அதையே சாப்பிட்டாள். ஒரு நாள் மத்தியானம் ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்து வந்தேன். வீட்டில் காணவில்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். துணி துவைக்கிற இடத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. பக்கத்து வீட்டுச் சம்பாலைச் சோற்றில் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்ததும் திடுக்கிட்டாள்.

"உங்களுக்கு நாத்தம் வரக் கூடாதுன்னுதான் வெளிய வந்தேன்."

"தின்னு. யாரு வேணாம்னா?"

"கோவமா?"

"தின்றதுக்குக் கண்ண எதுக்கு மூடுற?"

அவள் எழுந்தாள். அரைச் சோறு மிச்சம் இருந்தது. அதைக் கோழிக்குக் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவினாள். எனக்கு அது திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

கிளினிக்கில் டாக்டர் நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார். மருந்து இல்லை. பழக்கித்தான் கொண்டுவர வேண்டும், வரலாம், வராமலும் போகலாம் என்றார். அவள் நான்கு சின்னப் பாட்டில் தயார் பண்ணினாள். கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் எண்ணெய், பன்னீர். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர வேண்டும். முகரும்போது அந்த வாசத்தை நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.

அவள் எதிரில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து முதலில் தான் முகர்வாள். பிறகு என்னிடம் நீட்டுவாள்.

"இது கிராம்பு. பல்லு வலிக்கு வெப்போமே, அது. வருதா?"

"இல்ல."

"லேசாக் கூடவா?"

"இல்லன்னா இல்ல."

"பன்னீர் பாருங்க. அப்பா, எவ்வளவு நல்லாருக்கு."

"நீ ஏன் மோக்குற? உனக்கா வைத்தியம்?"

அன்றிலிருந்து அவள் முகர்வதில்லை. மூடியைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவாள். அப்படித் திருப்பிக்கொண்டாலும் அவளுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். அதுவும் பொறுக்கவில்லை.

என் உடம்பு நாறுகிறதா என்று எனக்குத் தெரியாது. இது மற்றவர்களுக்குப் புரியாது. வேலைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவளிடம் நிற்பேன். அவள் முகர்ந்து பார்த்து "போடலாம்" என்றால் போடுவேன். "துவைக்கணும்" என்றால் போட மாட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் சட்டை போட ஒருத்தியைக் கேட்க வேண்டியிருந்தது. ஒரு நாள் கேட்காமல் போட்டுக்கொண்டு போனேன். லாக்கரில் பக்கத்தில் நிற்கிறவன் ஓரடி தள்ளி நின்று ஷூ மாற்றினான். அன்று முழுக்க ஃபோர்க்லிஃப்டை விட்டு இறங்கவில்லை.

டுரியான் சீசன் வந்தது. ரோட்டோரம் லாரியில் வைத்து விற்கிற சீனர் எனக்குப் பழக்கம். முன்பெல்லாம் காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து நான்தான் பொறுக்குவேன். மற்ற வாடிக்கைக்காரர்கள்கூட என்னிடம் காட்டிக் கேட்பார்கள். அந்த வருஷம் நான் பழத்தைக் கையில் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். காதில் வைத்துப் பார்த்தேன். அவள் குனிந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளிவிட்டு நான்காவதை எடுத்தாள். சீனர் வெட்டினார். மஞ்சளாக, கொழுகொழுவென்று இருந்தது.

"ஆன்ட்டி புஞ்யா ஹிடோங் பாகுஸ்!" என்று சிரித்தார். ஆன்ட்டிக்கு நல்ல மூக்காம்.

வீட்டுக்கு வந்து அவள் ஐந்து சுளை சாப்பிட்டாள். எனக்கு இனிப்பு மாவு மாதிரி இருந்தது. ஒரு சுளையோடு எழுந்துவிட்டேன்.

பிறகு கோயில் திறந்தது. தலைவர் என்னைவிட இளையவர், கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷர். போன் போட்டார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை அடுப்பு பத்த வைக்கிறோம். வந்துருவீங்கதானே?"

"வராம?" என்றேன்.

அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "சொல்லிடலாம்ங்க," என்றாள். "சொன்னா அடுப்பக் குடுத்துட்டு வரணும்," என்றேன்.

முதல் வெள்ளிக்கிழமை கண்ணையும் காதையும் வைத்துச் சமைத்தேன். வெங்காயத்துக்காக மாஸ்க்கை இரண்டாகப் போட்டுக்கொண்டேன். அப்போது எல்லோரும் மாஸ்க் போட்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை. கடுகு வெடிப்பது காதில் விழும். பருப்பு பொங்குவது கண்ணுக்குத் தெரியும். பெருங்காயம் கை அளவு. நன்றாகப் போவதாகத்தான் நினைத்தேன். பெண்கள் காய் வெட்டுகிற மேசை அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி. அவள் அங்கிருந்து ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தாள்.

"தண்ணி குடிங்க," என்று சத்தமாகச் சொன்னாள். குவளையை நீட்டும்போது மெதுவாக, "அடி பிடிக்குது," என்றாள்.

தீயைக் குறைத்தேன். அடியைச் சுரண்டாமல் சாம்பாரை வேறு அண்டாவுக்கு மாற்றினேன். யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போகும்போது காரில் அவள் சொன்னாள்.

"இனிமே நான் தண்ணி குடிச்சீங்களான்னு கேட்டா, ஏதோ சரியில்லன்னு வெச்சிக்குங்க. நான் தரையப் பாத்தா அடி. மொகத்தத் தொடச்சா உப்பு."

"ம்."

அப்படித்தான் ஓட்டினோம். இரண்டு வருஷம். வெள்ளிக்கிழமைகள், பௌர்ணமிகள், பெரிய பூசைகள். தப்பு நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரேயடியாக நின்றது. நல்ல வாசம் வரவில்லை. மூக்கு சும்மா இருந்தது.

காய் மேசையில் ஒரு பெண் இருக்கிறாள். வாய் அதிகம். நாங்கள் தண்ணீர் பேசுவதைப் பார்த்துக் கேலி பண்ணுவாள்.

"அக்கா, அண்ணன் என்ன ஒட்டகமா? எத்தன வாட்டி தண்ணி?"

"வெயிலு லா," என்பாள் என் மனைவி.

"வெயிலா? இந்த வயசுலயும் கண்ணு அடுப்புப் பக்கமே இருக்கு. எங்க வீட்டுல நான் செத்து விழுந்தாக்கூட அவரு திரும்ப மாட்டாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் கிண்டுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்து தலைவர் பின்கட்டுக்கு வந்தார். என் தோளில் கை வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. முன்னயும் உங்க சமையல் நல்லாத்தான் இருக்கும். ஆனா கட்டுப்பாடு முடிஞ்சு வந்ததுலேருந்து ஒரு படி மேல போயிருச்சு. என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல."

"இல்ல, ஏதோ இருக்கு. சொல்ல மாட்டீங்க."

அவள் பத்தடி தள்ளி அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். தலை நிமிரவில்லை. உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. எனக்காகச் சிரித்தாள் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அப்படித் தெரியவில்லை.

என் மூக்கு போனதைத் தாங்கிக்கொண்டேன். அவள் மூக்கைக் கடன் வாங்கியதையும் தாங்கினேன். அது என் பழைய மூக்கைவிட நல்ல மூக்கு என்று ஊரே சொன்னதைத் தாங்க முடியவில்லை. இருபது வருஷம் நான் சமைத்ததெல்லாம் ஒரு படி கீழே போய்விட்டது. பத்தடி தள்ளி நின்று, கரண்டியைத் தொடாமல், அவள் என்னைவிட நன்றாகச் சமைத்திருக்கிறாள்.

அந்த வாரத்திலிருந்து அவள் "தண்ணி" என்றால் எனக்கு எரிந்தது. சில நேரம் உடனே திரும்ப மாட்டேன். காது கேட்காத மாதிரி நிற்பேன். அவள் இரண்டாம் தடவை கேட்பாள். அப்போதுதான் தீயைக் குறைப்பேன்.

திருவிழாவின் கடைசி நாள் வந்தது. அன்றுதான் கூட்டம் அதிகம். சோறு, சாம்பார், மூன்று காய், கடலைப்பருப்புப் பாயாசம். பாயாசத்துக்கு நான் குலா மெலாக்கா என்ற தென்னை வெல்லம் போடுவேன். நல்ல கறுப்பாக வரும். தேங்காய்ப்பாலைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுவேன். காலையிலேயே மார்க்கெட்டில் பிழிந்த பாலைப் பையில் கட்டி வாங்கி வந்தோம். நான்தான் காரிலிருந்து இறக்கினேன்.

"ஐஸ் பொட்டியில வெச்சிருங்க," என்றாள்.

"தெரியும்," என்றேன்.

ஐஸ் பெட்டி முன்கட்டில் இருந்தது. மோருக்கு வைத்திருந்தார்கள். நடந்து போய் வைக்க வேண்டும். அவள் சொன்னதற்காகவே போகவில்லை. அடுப்புப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே வாளியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடப் போகிறோம் என்று நினைத்தேன். அன்று தேர் வர நேரமாகிவிட்டது. சமையலும் தள்ளிப்போனது. உச்சி வெயில் வந்துவிட்டது. பால் நான்கு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சூட்டில் இருந்தது.

பாயாசம் இறக்கத் தயாரானபோது பையைக் கத்தியால் கிழித்தேன். அப்போது அவள் மேசையிலிருந்து கேட்டாள்.

"என்னங்க, தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சாச்சு."

"இன்னும் கொஞ்சம் குடிங்க."

"குடிச்சாச்சுன்னு சொல்றேன்ல."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் தரையைப் பார்க்கவில்லை. முகத்தைத் துடைக்கவில்லை. பாலுக்கு நாங்கள் சாடை வைத்திருக்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"பால் ஒரு மாதிரி இருக்குங்க."

"ஒனக்கு எல்லாமே ஒரு மாதிரிதான் இருக்கும்."

"புளிச்ச வாடை வருது. ஊத்தாதீங்க."

"போயி வெண்டிக்காயப் பாரு."

என் நாக்கில் ஒரு சொட்டு வைத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். புளிப்பு எனக்குத் தெரியும். வைக்கக் கூடாது. அவள் சொல்வதைக் கேட்டிருக்கலாம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன். எல்லாப் பையையும் ஊற்றினேன். கறுப்புப் பாயாசத்தில் பால் கலந்தது. பார்க்க ஒரு குறையும் இல்லை.

அம்மனுக்குப் படைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். பந்தி போட்டார்கள். நான் பின்கட்டிலிருந்து பார்த்தேன். முதல் வரிசையில் ஒரு பெண் பாயாசத்தை வாயில் வைத்தவள் அப்படியே நிறுத்தினாள். விழுங்கிவிட்டுப் பக்கத்தில் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளும் அவளைப் பார்த்தாள். யாரும் துப்பவில்லை. பிரசாதம். ஆனால் இலையை மூடும்போது பாயாசம் அப்படியே இருந்தது. வரிசை வரிசையாக அப்படியே. அடுத்த பந்திக்குப் பாயாசம் பரிமாற வேண்டாம் என்று தலைவர் சாடை காட்டினார்.

தலைவர் பின்னால் வந்தார். என்னிடம் வருவதற்குள் அவள் முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் தம்பி. பால ஐஸ்ல வைக்கச் சொன்னாரு. நான் மறந்துட்டேன். என் மேலதான் தப்பு."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அண்டாவைப் பார்த்தேன்.

"பரவால்ல அண்ணி. நடக்குறதுதான்," என்றார். "அம்மனுக்கும் அதத்தான வெச்சோம். அதான் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு."

அண்டாவைச் சாய்த்துக் கழுவினேன்.

காரில் போகும்போது கேட்டேன். "எதுக்கு ஓம் மேல போட்டுக்கிட்ட?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு அந்த அடுப்பத் தவிர வேற என்ன இருக்கு?"

அடித்திருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போனோம். காய் மேசையில் அவள் வழக்கமான இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வாய் அதிகமுள்ள பெண் அன்று கேலி பேசவில்லை. மரியாதையாகச் சொன்னாள்.

"அக்கா, நீங்க இன்னிக்கு இலை தொடைங்க. போதும். ஒக்காந்து செய்யலாம்."

இலை துடைக்கிற இடம் முன்கட்டில், செருப்பு விடுகிற பக்கம். அங்கே உட்கார்ந்தால் அடுப்பு தெரியாது. சாமான் எதையும் அவள் தொட வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அவளுக்கும் புரிந்தது. "சரி லா," என்று எழுந்து போனாள்.

அவள் போவதைப் பார்த்தபோது எனக்கு ஒரு நொடி நன்றாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி என்ன பயன்? ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி அடுப்பு மறுபடியும் என்னுடையதாக இருந்தது. முன்கட்டில் அவள் கீழே உட்கார முடியாமல் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மெதுவாக இறங்கினாள். முட்டி வலி. இலைக் கட்டை இழுத்து வைத்துத் துணியை நனைத்தாள்.

நான் பருப்பு போட்டேன். புளி கரைத்தேன். பெருங்காயம் போட்டேன். சாம்பார் கொதித்தது. மேலே நுரை கட்டி உடைந்தது. எதிரில் நின்றேன். ஒன்றும் வரவில்லை. உப்புப் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்தது. போட்ட மாதிரியும் இருந்தது. போடாத மாதிரியும் இருந்தது. மேசைப் பக்கம் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

தீயை அணைத்தேன். கரண்டியை அண்டா மேல் குறுக்காக வைத்துவிட்டுத் தலைவரைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணே, கேஸ் தீந்துருச்சா?"

"இல்ல. எனக்கு மூக்கு வேல செய்யல."

"சளியா?"

"காச்சல் வந்ததுலேருந்து. ஒரு வாசமும் தெரியாது. இதுல உப்பு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல."

காய் மேசையில் கத்திச் சத்தம் நின்றது.

"அலமாக்," என்றார் தலைவர். "அப்ப இத்தன நாளு?"

"அவதான். அங்க ஒக்காந்துகிட்டு அவதான் சொல்லுவா. அன்னிக்குப் பாலு கெட்டுப் போச்சுன்னும் சொன்னா. ஊத்தாதீங்கன்னா. நான்தான் ஊத்துனேன். ஐஸ்ல வைக்காததும் நான்தான்."

"ஏண்ணே?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காரணத்தை அங்கே சொல்ல முடியவில்லை. இங்கேதான் சொல்லியிருக்கிறேன்.

வாய் அதிகமுள்ள பெண் எழுந்து முன்கட்டுக்குப் போனாள். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் மனைவி ஈரத் துணியோடு வந்து நின்றாள். விஷயம் தெரிந்ததும் என்னிடம்தான் கோபப்பட்டாள்.

"ஒங்கள யாரு இப்ப சொல்லச் சொன்னா?"

"உப்பு போட்டனான்னு தெரியல."

அவள் அடுப்பிலிருந்து மூன்றடியில் நின்றாள். குனியவில்லை. மூச்சுகூட இழுத்து விடவில்லை. சும்மாதான் நின்றாள்.

"போடல," என்றாள்.

தலைவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கரண்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தள்ளி நின்று இடம் விட்டேன்.

இப்போது நான் காய் வெட்டுகிறேன். ஒன்பது பெண்களுக்கு நடுவில் ஓர் ஆண். முதல் வாரம் கத்தரிக்காயை எல்லாம் ஒரே அளவாக வெட்டி வைத்தேன்.

"அண்ணே, இது ஃபேக்டரி இல்ல லா. இவ்வளவு மெல்ல வெட்டுனா அம்மனுக்கு நாளைக்குத்தான் சாப்பாடு," என்றாள் வாய் அதிகமுள்ளவள்.

"கத்தி மழுங்கலா இருக்கு."

"கத்தி நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் அடுப்புப் பக்கம் போகுது."

உண்மைதான். அவள் என்னைப் போல் கிண்டுவதில்லை. கரண்டி அவளுக்குக் கனம். இரண்டு கையால் பிடித்து மெதுவாக, ஒரே பக்கமாகச் சுற்றுகிறாள். பெருங்காயத்தைக் குறைத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. முன்பு ஒரு தடவை சாம்பார் வாங்கியதோடு போனவர்கள் இப்போது இரண்டாம் தடவையும் கேட்டு வருகிறார்கள். யார் யார் வருகிறார்கள் என்று கத்தியைப் பிடித்துக்கொண்டே பார்க்கிறேன். பார்க்காமல் இருக்கத்தான் நினைக்கிறேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அவள் அடுப்புக்கு முன்னால் நின்று, தூரத்தில் எதையோ கேட்கிற மாதிரி முகத்தை லேசாகத் தூக்குவாள். அப்போது அவளுக்கு எல்லாம் வந்துகொண்டிருக்கும். நான் குனிந்து கத்தியைப் பார்ப்பேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்.

சமைத்தவன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். இருபது வருஷம் நான் வரிசையில் நின்றதில்லை. போன வாரம் காய் மேசையைத் துடைத்துவிட்டுத் தட்டில் இலையைப் போட்டு எடுத்துக்கொண்டு எல்லோரோடும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. சாம்பார் வாளிக்குப் பின்னால் அவள் நின்றாள். வியர்த்துப்போயிருந்தாள். சோற்றில் ஊற்றினாள். அங்கேயே ஒரு வாய் எடுத்து வைத்தேன். பின்னால் நின்றவர் காத்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"உப்பு சரியா இருக்கு. புளிப்பு சரியா இருக்கு. மத்தது எனக்குத் தெரியாது."

"மத்ததும் சரியாத்தான் இருக்கு," என்றாள்.

தட்டை மறுபடியும் நீட்டினேன். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.